முன் ஆக்சிலுக்கு வெளி பார்ட்ஸ்: வண்டி ஏன் இரண்டு நாள் நிற்க வேண்டும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இடவப்பாதி மழை பிடிப்பதற்கு முன்னால் ஜீப்பைத் தயார் செய்துவிட வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பட்டறைக்கு வருகிறீர்கள். இந்தத் தடவை பலரும் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வருகிறீர்கள். ஆன்லைனில் வாங்கிய, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட், சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் லாக்கிங் ஹப், ஸ்பிரிங் செட் என்று ஏதாவது ஒன்று அதற்குள் இருக்கிறது. "அண்ணாச்சி, இத மட்டும் மாட்டித் தாங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன்" என்கிறீர்கள். இரண்டு நாள் வண்டி நிற்க வேண்டும் என்று நாங்கள் சொன்னதும் முகம் வாடிவிடுகிறது. ஷாஃப்டை உருவிப் புதியதைச் செருக அரை நாள் போதும்தானே என்று கேட்கிறீர்கள். செருக மட்டும் என்றால் அரை நாளே அதிகம். மீதி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதை வேலைக்கு நடுவில் நின்று விளக்க முடிவதில்லை. அதனால் எழுதி வைக்கிறோம்.

நம் பட்டறைக்கு அதிகம் வருவது மாருதி ஜிப்ஸியும் பழைய மஹிந்திரா ஜீப்பும். குலசேகரம், கடையால், களியல் பக்கத்து ரப்பர் தோட்ட வண்டிகள். மாறாமலையிலிருந்து கிராம்பு இறக்குகிற வண்டிகள். பிறகு ஆசைக்கு ஜிப்ஸி வைத்திருக்கும் இளைஞர்கள். இவற்றின் முன் ஆக்சில் ஒரே குழாய் மாதிரி இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை போகிறது. குழாயின் இரண்டு முனையிலும் உருண்டையான தலை. அந்த உருண்டையைக் கவ்விக்கொண்டு திரும்புவதுதான் நக்கிள். அது திரும்ப அச்சாக மேலே ஒரு கிங் பின், கீழே ஒரு கிங் பின், இரண்டுக்கும் டேப்பர் பேரிங். சக்கரம் திரும்பினாலும் ஷாஃப்டின் சுழற்சியைக் கடத்தும் ஜாயிண்ட் உள்ளே கிரீஸில் மூழ்கியபடி சுற்றுகிறது. வண்டியைத் திருப்புகிற வேலையும் இழுக்கிற வேலையும் ஒரே இடத்தில் நடக்கிறது. ஷாஃப்ட் மாற்ற வேண்டுமானால் இதைத் திறந்தே ஆக வேண்டும். திறந்த பிறகு உள்ளே இருப்பதைப் பார்க்காமல் மூடுவது எங்களால் ஆகாது.

பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஒரு சோதனை செய்கிறோம். பக்கத்தில் நின்று நீங்களும் பார்க்கலாம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுகிறோம். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் உள்ளே ஏறி பிரேக்கை அமுக்கிப் பிடிப்பார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் குற்றம் கிங் பின் பேரிங்கில். தார் ரோட்டில் ஐம்பது, அறுபதில் போகும்போது ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு அடிக்கிறதே, அந்த வாப்ளிங் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டிராக் ராட்டின் எண்ட் தேய்வதும், ஸ்பிரிங்கைத் தாங்கும் சாக்கிளின் புஷ் போவதும், டயர் பேலன்ஸ் இல்லாததும் கூடச் சேர்ந்துகொள்ளும். உதறலை அமுக்கும் ஸ்டீயரிங் டேம்பர் ஒன்று வாங்கி மாட்டினால் உதறல் அடங்கியது போலத் தோன்றும், தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். ஆட்டம் இருக்கிற வண்டிக்கு டேம்பர் மட்டும் போட்டுத் தர எங்களுக்கு மனசு வரவில்லை.

கிங் பின் பேரிங்கை மாற்றி, போல்ட்டை முறுக்கி விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதிக இறுக்கமானால் ஸ்டீயரிங் கனக்கும், வளைவில் திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வராது, பேரிங் சீக்கிரம் குழி விழும். இறுக்கம் குறைந்தால் வாப்ளிங். இரண்டுக்கும் நடுவில் கம்பெனி ஒரு அளவு கொடுத்திருக்கிறது. நக்கிள் கையின் முனையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும்; மீன்காரர்கள் வைத்திருக்கும் அதே கொக்கித் தராசுதான். நக்கிள் நகரத் தொடங்கும்போது முள் எத்தனை கிலோவில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. வெளியே உள்ள பெரிய சீலை மாட்டும் முன்பே இழுத்துப் பார்க்க வேண்டும். சீலின் பிடிப்பும் சேர்ந்தால் கணக்கு பொய்யாகிவிடும். அளவு வரவில்லை என்றால் கிங் பின்னை மறுபடி கழற்றி, அடியில் ஒரு ஷிம் தகடு கூட்டியோ குறைத்தோ திரும்ப இழுக்கிறோம். ஒரு பக்கத்துக்கே சில நேரம் முற்பகல் முழுக்கப் போய்விடும். நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இந்தத் தராசுக்குத்தான் போகிறது. அதைக் குறைக்க நாங்கள் தயாராக இல்லை.

இனி பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி. பலமான ஷாஃப்ட் என்று விற்பவை பெரும்பாலும் குரோமோலி. அதில் 4340 என்ற எண் போட்டிருந்தால், நம் லேத் பட்டறைக்காரர்கள் இஎன் 24 என்று சொல்லும் இரும்புக்கு இணையானது என்று வைத்துக்கொள்ளலாம். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் சேர்ந்த நல்ல எஃகு. ஆனால் அந்தப் பலம் எஃகோடு தானாக வருவதில்லை. சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, பிறகு பதம் இறக்கினால்தான் வரும். அந்த வேலையைச் சரியாகச் செய்யாத இஎன் 24 ஷாஃப்டைவிட, முறையாகப் பதம் ஏற்றிய கம்பெனி ஷாஃப்ட் நன்றாக உழைக்கும். வாங்கும்போது எஃகின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஹீட் ட்ரீட்மெண்ட் செய்தது யார், கடினம் எவ்வளவு, பில்லில் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்து, ஷாஃப்டின் முனையில் உள்ள ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள். ஒரே பெயரில் விற்ற வண்டியிலேயே மாடல் மாறும்போது பற்கள் மாறியிருக்கலாம். பல் எண்ணிக்கை ஒத்துப்போனாலும் நீளம், சீல் உட்காரும் இடத்தின் விட்டம் இரண்டையும் வெர்னியர் வைத்துப் பார்க்கிறோம். சீல் உட்காரும் இடம் மயிரிழை மெலிந்திருந்தாலும், சொரசொரப்பாக இருந்தாலும், ஆக்சிலுக்குள் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் உள்ள கியர் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும். கரைந்த கிரீஸ் வெளிச் சீல் வழியாக வழிந்து பிரேக் வரை போய்ச் சேரும். டயரின் உள்பக்கம் கறுப்பாக எண்ணெய்ச் சாரல் அடித்திருந்தால் அதுதான் அடையாளம்.

எல்லாம் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். மாட்டலாமா என்று கேட்டால், உங்கள் டயரைப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். ஜிப்ஸி கிங்குக்குக் கம்பெனி போட்ட டயர் 205/70 ஆர் 15. அதன் உயரம் ஏறத்தாழ 26 அங்குலம். 31 அங்குல டயர் போட்டால், தரையில் அதே இழுவைக்கு ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்கு கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடுகிறது. டயர் தரையைக் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பலமான ஷாஃப்ட் தேவைதான். ஷாஃப்டின் விட்டம் 10 சதவீதம் கூடினாலே முறுக்கைத் தாங்கும் பலம் சுமார் 33 சதவீதம் ஏறும். ஷாஃப்ட் உடையாவிட்டால் அந்த முறுக்கு எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஜாயிண்டுக்குப் போகும், ஜாயிண்டும் தாங்கினால் டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் பினியன் பல்லுக்குப் போகும். உடைந்த ஷாஃப்டை மாற்றிவிடலாம். கிரவுன் பல் போனால் டிஃபரன்ஷியலை இறக்கி, பல்லுக்குப் பல் உள்ள இடைவெளியான பேக்லாஷ் அளந்து, பல்லில் மை தடவிப் பதிவு பார்த்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செலவும் பல மடங்கு.

தோட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் யோசனை இதுதான்: கம்பெனி அளவு டயரோடு ரப்பர் ஷீட்டும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புக்குக் கம்பெனி ஷாஃப்டே போதும். அந்தப் பணத்தில் இரண்டு பக்கமும் கிங் பின் பேரிங், உள் சீல், வெளிச் சீல், நல்ல கிரீஸ் போட்டுக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்வதால் எங்களுக்கு விற்பனை குறையும், தெரியும். ஆனால் மலைப்பாதையில் ஆள் ஏற்றிப் போகிற வண்டிக்கு வேறு யோசனை சொல்ல மனசு ஒப்பவில்லை.

கிரவுன் பினியனின் கியர் விகிதம் மாற்ற விரும்புகிறவர்கள் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீலில் ஓட்டினால், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுகிப் போகும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஓடையில் இறங்குகிற வண்டிகளுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஏற்றத்தில் ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். மூச்சுவிடும் பிரீதர் குழாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ, சேறு அடைத்திருந்தாலோ, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கோதையாற்றுப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் ஆயில் வடிக்கும் டிரெய்ன் நட்டைத் திறந்தால் கியர் ஆயில் பால் சாயா நிறத்தில் வருவதை மழைக்காலத்தில் அடிக்கடி பார்க்கிறோம். பிரீதருக்கு ரப்பர் ஹோஸ் போட்டு பானெட் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் போதும். முன் ஆக்சில் வேலைக்கு வரும் எல்லா வண்டிக்கும் இதைச் செய்துவிடுகிறோம்; கூலி வாங்குவதில்லை. குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளுக்கு ஸ்பிரிங்கையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட் உப்புக் காற்றால் துருப்பிடித்திருக்கும். பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்ட மாட்டோம், புதியதுதான்.

வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் செட் பற்றிச் சுருக்கமாக: பட்டை ஸ்பிரிங்கோ நீளமான சாக்கிளோ போட்டு உயர்த்தும்போது ஆக்சிலின் சாய்வு மாறுகிறது. கேஸ்டர் என்னும் அந்தச் சாய்வு குறைந்தால் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். ஆப்புத் தகடு வைத்துச் சாய்வைச் சரிசெய்து, முன் சக்கரங்கள் லேசாக உள்நோக்கி நிற்கும் அளவான டோ இன் பார்த்த பிறகே வண்டியை வெளியே விடுவோம். 2020-ல் வந்த மஹிந்திரா தார் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அந்த வண்டியின் முன்பக்கம் ஒரே குழாய் ஆக்சில் கிடையாது, இரண்டு சக்கரமும் தனித்தனியாக வேலை செய்யும். அதிகம் உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி, ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, மணல் புகுந்து ஜாயிண்ட் போய்விடும். மேலே எழுதிய கிங் பின் கணக்கு அதற்குப் பொருந்தாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அது கேரளாவிலிருந்து போன வழக்கு. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். அதே அளவில் ஷாஃப்டோ பேரிங்கோ மாற்றுவது பழுதுபார்ப்பு. உயர்த்துவதும் பெரிய டயர் போடுவதும் வேறு கணக்கு. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்கு அடிக்கடி போகிறவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

பார்ட்ஸ் வாங்கும் முன்பே வண்டியை ஒரு தடவை கொண்டுவந்து காட்டினால் அளவெடுத்து எழுதித் தருகிறோம், அதற்குக் கட்டணம் இல்லை. வேலை முடிந்ததும் தராசு காட்டிய அளவு, போட்ட ஷிம், டோ இன் எல்லாம் ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்போம். கழற்றிய பழைய பார்ட்ஸையும் சாக்கில் கட்டித் தருவோம். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் இறுக்கம் பார்க்கக் கட்டாயம் வர வேண்டும்.

தோட்டத்துக்குள் முன் பக்கம் "டக்" என்று உடைந்த சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். எஞ்சினை அணைக்காமல், வண்டியை நகர்த்தாமல் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் உடைந்த துண்டு நக்கிளுக்குள் கிடக்கிறது. இறக்கத்தில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், அந்த வண்டியை ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. சிக்கவில்லை என்றால் இரண்டு ஹப்பையும் ஃப்ரீ செய்து, டூ வீலில் போட்டு, மெதுவாக ரோடு வரைக்கும் வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும், ஆனால் இப்படி மலையில் மாட்டிக்கொண்டவர்கள் அன்றைக்கும் போன் செய்யலாம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து எல்லாரும்