பத்திரம் பீரோவில் இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரிக்கு நாலுவழிச் சாலை வந்ததிலிருந்து எங்கள் பக்கம் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. "பேங்க்ல போட்டு என்ன கிடைக்கும்? மூணு வட்டிக்கு விடுங்க, இடத்துப் பத்திரம்தான் உங்க கையிலயே இருக்குமே" என்று வீடு தேடி வரும் புரோக்கர்களும் பெருகிவிட்டார்கள். பணிஓய்வுப் பணம் வந்த வீடுகளையும், கணவரை இழந்த பெண்களின் வீடுகளையும் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். என் அக்கா வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள்.

மாமா அரசு பஸ் டிரைவராக இருந்தவர். அவர் இறந்த பிறகு வந்த பணத்தில் 4 லட்சத்தை, அவர்கள் காட்டிய ஓர் இடத்துக்காரருக்கு அக்கா ரொக்கமாகக் கடன் கொடுத்தார். கைக்கு வந்தது ஒரு புரோநோட்டும் இடத்தின் அசல் கிரயப் பத்திரமும். பத்திரத்தை மஞ்சள் துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தார். பத்து மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் 12,000 ரூபாய் வந்தது. வருடத்துக்கு 36 சதவீதம் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு ஒரு பேங்க் ஏன் கடன் தரவில்லை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பதினோராவது மாதம் வட்டி நின்றது. அதற்கப்புறம்தான் வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் பேரில் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்ற விவரத்தை, போட்டுப் பார்த்தோம். கடன் வாங்குவதற்கு நான்கு மாதம் முன்பே அந்த இடத்தைக் கடன் வாங்கியவர் தன் மனைவி பேருக்குத் தானமாக, தானசெட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்திருந்தார். அக்காவிடம் இருக்கும் பத்திரம் போலி இல்லை, அசல்தான். ஆனால் இடம் கடன் வாங்கியவருடையதாக இல்லை. பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடிய ஒரு விவரம் இது. அதைப் பார்க்காமல் 4 லட்சத்தைக் கொடுத்துவிட்டோம்.

இடமே அவருடையதாக இருந்திருந்தாலும், பத்திரத்தை வெறுமனே வாங்கி வைத்தது போதாது என்று வக்கீல் சொன்னார். அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால்தான் அது வில்லங்கத்தில் ஏறும், பின்னால் வாங்க வருகிறவருக்கும் தெரியும். பதிவான அடமானத்தின் பேரில் இடத்திலிருந்து பணத்தை வசூலிக்க 12 வருடம் வரை வழக்குப் போடலாம். புரோநோட்டுக்கு மூன்றே வருடம். பேங்குகள் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை ஏலம் விடலாம். நம்மைப் போன்ற தனிநபருக்கு அந்த வசதி கிடையாது. சிவில் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டியதுதான்.

போலீசுக்குப் போகவும் அக்காவுக்குப் பயம். அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் வட்டி வாங்குவது 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி குற்றம். மூணு வட்டி என்று வாயைத் திறந்தாலே முதல் கேள்வி அவரிடம்தான் வரும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமானவரிச் சட்டம். பேங்க் வழியாகக் கொடுத்திருந்தால் பணம் போனதற்கு அந்தக் கணக்காவது சாட்சியாக இருந்திருக்கும். இப்போது பத்து மாத வட்டி வாங்கியதற்குக்கூட ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

தங்கள் பத்திரிகை வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கும் பதிவுத்துறைக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் எல்லாச் சார்பதிவாளர் அலுவலக வாசலிலும், பென்ஷன் வாங்க வருகிறவர்கள் நிற்கும் பேங்க், தபால் நிலையங்களிலும் ஒரு போர்டு வையுங்கள். "பத்திரத்தை நம்பிக் கடன் கொடுக்கும் முன் வில்லங்கம் பாருங்கள், அடமானத்தைப் பதிவு செய்யுங்கள்" என்று பெரிய எழுத்தில், தமிழில் இருக்கட்டும். மாமா இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டிச் சேர்த்த பணம் அது. இன்னொரு வீட்டில் இப்படிப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.