மொட்டை மாடி ஒழுகல் விஷயமாக நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

நம் கடைக்கு வந்து போகிற எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வெள்ளையடித்த களைப்பு இப்போது தீர்ந்திருக்கும், பிரஷ்ஷைக் கழுவாமல் விட்டவர்கள் இன்றைக்காவது தண்ணீரில் போடுங்கள். பண்டிகை நேரத்தில் இதை எழுத வேண்டாம் என்றுதான் தள்ளிப் போட்டேன். கார்த்திகை மாதத்திலிருந்து கும்பகோணத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது, உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். நம் கடையில் விற்கிற வாட்டர் புரூஃப் பெயின்ட் போலி, மாடியில் அடித்து முதல் மழைக்கே ஒழுகிவிட்டது, யாரும் அங்கே வாங்காதீர்கள் என்று அதில் வருகிறது. கடைக்கு வருகிறவர்கள் முகத்துக்கு நேரே கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். கேட்காமல் வேறு கடைக்குப் போகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? அதனால்தான் இந்த மடல்.

பதிவு போட்டவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் அப்பா காலத்திலிருந்து நம் கடைக்கு வருகிற குடும்பம், அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். புரட்டாசிக் கடைசியில் வந்து 20 லிட்டர் வாளி ஒன்று வாங்கினார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஊரில் மழை. ஆள் கிடைக்காததால் ஞாயிற்றுக்கிழமை அவரே மாடியைப் பெருக்கிவிட்டு ரோலரால் அடித்துவிட்டார். ஐப்பசியில் பெரிய மழை வந்ததும் கூடத்து மின்விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டியது. யாருக்குத்தான் ஆத்திரம் வராது? காசும் போய், ஒரு ஞாயிறும் போய், கூடத்தில் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நானும் பேசித்தான் இருப்பேன்.

மழை விட்ட அன்று நான் அந்த மாடியில் ஏறிப் பார்த்தேன். அது தட்டோடு பதித்த பழைய மாடி. தட்டோட்டுக்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த ஒரு அடுக்கு இருக்கும், நம் பக்கத்துப் பழைய வீடுகள் நிறையவற்றில் அப்படித்தான். ஓடுகளுக்கு நடுவே உள்ள இணைப்புச் சாந்து உதிர்ந்துவிட்டால் தண்ணீர் அந்த ஜல்லி அடுக்குக்குள் இறங்கிப் பஞ்சு மாதிரி தங்கிவிடும். மேலே வெயில் காய்ந்து ஓடு உலர்ந்த மாதிரிதான் தெரியும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் வெயிலில் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி மேலே வரப் பார்க்கும், வழி இல்லாமல் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். அங்கே கொப்புளத்தை விரலால் கிள்ளினேன், அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. உரிந்த துண்டின் அடிப்பக்கம் பச்சையாகப் பாசி ஒட்டியிருந்தது. அதாவது பெயின்ட் பாசியைப் பிடித்திருக்கிறது, ஓட்டைப் பிடிக்கவே இல்லை. இது ஒன்று.

இரண்டாவது, தண்ணீர் உண்மையில் இறங்கிய இடம் வேறு. கைப்பிடிச் சுவரும் தரையும் சேருகிற மூலையில் விரல் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல். மழைநீர்க் குழாய் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்து அந்த மூலையிலேயே தண்ணீர் குளமாக நின்றிருக்கிறது. எந்தக் கம்பெனி பெயின்ட்டும் அவ்வளவு பெரிய விரிசலைத் தானாக அடைக்காது, வாளியின் மேலேயே முதலில் விரிசலை அடைக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. அதே லாட் எண் உள்ள வாளிகளை இன்னும் மூன்று வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே ஒரு சொட்டு இறங்கவில்லை. சரக்கு கம்பெனி விநியோகஸ்தரிடம் பில் போட்டு வாங்கியது, அந்த பில் கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். முப்பத்தோரு வருடமாகக் கடை நடத்துகிறேன், போலிச் சரக்கு என்ற ஒரு வார்த்தையை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. விலை அதிகம் என்று சொல்லுங்கள், பையன் சிடுசிடுக்கிறான் என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வேன்.

நம் பக்கம் தவறே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வாளி கேட்டவரிடம் கவுண்டரில் இருந்த பையன் மாடி என்ன மாடி, எத்தனை வருடம் ஆச்சு, எப்போது மழை பெய்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன், நானும் கேட்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வாளிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அன்றே சொன்னேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இன்றைக்கு வந்தாலும் தருவேன்.

சரி, மாடி வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். காலம் முக்கியம். ஒழுகும்போதுதான் நமக்கு நினைப்பு வருகிறது, ஆனால் வேலைக்கு ஏற்ற காலம் மாசியிலிருந்து வைகாசி வரை. மாடி உள்வரை காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை மாடியில் விரித்து நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருக்க வேண்டும். காய்ந்திருந்தால் கம்பி பிரஷ் போட்டுப் பாசியைச் சுரண்டி, கழுவி, மறுபடி காயவிடுங்கள். விரிசலை அப்படியே மேலோடு பூசி மூடக் கூடாது. உளியால் வாய் அகலமாக வெட்டி, தூசியை ஊதி எடுத்துவிட்டு, விரிசல் அடைக்கிற பேஸ்ட்டோ பாலிமர் கலந்த சாந்தோ வைத்து நிரப்ப வேண்டும். தட்டோடாக இருந்தால் இணைப்புகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சாந்து வைக்காமல் பெயின்ட் வாளியைத் திறக்கவே திறக்காதீர்கள். கைப்பிடிச் சுவர் மூலையில் சாந்தைச் சாய்வாக உருட்டிப் பூசி, அதன் மேல் வலைத்துணி வைத்து அடித்தால் அந்த இடம் மறுபடி பிளக்காது. முதல் பூச்சு தண்ணீர் கலந்து பிரைமர் மாதிரி, பிறகு கெட்டியாக இரண்டு பூச்சு, ஒன்று கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது தெற்கு வடக்காக. எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேர இடைவெளி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாளியில் பாருங்கள். உச்சி வெயிலில் அடிக்காதீர்கள், ரோலரை இழுக்கிற போதே காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும்.

வேலை முடிந்து நன்றாக உலர்ந்த பிறகு குழாய் வாயை அடைத்து ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்ப்பது வழக்கம். கான்கிரீட் மாடிக்குத்தான் இது. இரண்டு அங்குலத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோ எடை. தேக்குக் கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் ஒட்டு மாடியில் இந்தச் சோதனை செய்யவே கூடாது. சுவர் ஓதத்துக்கும் இதே மாதிரி முதலில் காரணம் பாருங்கள். பங்குனி வெயிலிலும் சுவர் ஈரமாக இருந்தால் அது மழை வேலை இல்லை, குழாய்க் கசிவோ தரையிலிருந்து ஏறுகிற ஓதமோதான். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் புட்டி அடித்து மூடினால் உப்பு பூத்துத் தள்ளிவிடும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான். புட்டி கேட்டு வந்தால் விற்க எனக்கும் ஆசைதான், ஆனால் மறு வருடம் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள்.

இதையெல்லாம் முன்பு வாயால் சொல்லிக்கொண்டிருந்தவர் நம் கடைப் பெரியவர். இருபத்திரண்டு வருடம் இங்கே இருந்தார், ஆவணியோடு வேலையை விட்டுத் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். உங்களில் பலர் என்னைத் தேடி வந்ததைவிட அவரைத் தேடி வந்ததுதான் அதிகம். ஒழுகுகிற குழாயைக் கழற்றிக் கொண்டுவந்தால் புதுக் குழாய் விற்காமல் வாஷரை மாற்றிக் கொடுத்து அனுப்புவார். பிளஷ் டேங்க் கசிகிறதா என்று கேட்டால், டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் தண்ணீர் திறக்காமல் பாருங்கள், பேசினில் நீலம் இறங்கினால் உள்ளே ரப்பர் போயிற்று என்பார். டெஃப்ளான் டேப்பை மரை சுற்றுகிற திசையிலேயே சுற்ற வேண்டும், சுடுதண்ணீர்க் குழாயான சிபிவிசிக்கு அதற்கென்று உள்ள பசைதான் போட வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவர் இருந்திருந்தால் அந்த வாளி அன்றைக்குக் கடையை விட்டுப் போயிருக்காது. இப்போது இருக்கிற இரண்டு பையன்களும் நல்லவர்கள், கற்றுக்கொள்கிறார்கள், கொஞ்சம் பொறுமை காட்டுங்கள்.

விலை பற்றியும் கேட்கிறீர்கள். ஜிஎஸ்டி குறைந்தும் நீ ஏன் குறைக்கவில்லை என்று. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, அந்த வித்தியாசத்தை அன்றிலிருந்தே பில்லில் குறைத்துத்தான் போடுகிறேன். பெயின்ட்டும் புட்டியும் 2018 ஜூலையிலேயே 18க்கு வந்துவிட்டவை, இந்த முறை அவற்றில் மாற்றம் இல்லை. ஒயர் விலை செம்போடு சேர்ந்து ஏறுகிறது, அது என் கையில் இல்லை.

இந்த மூன்று மாதத்தில் அந்தப் பதிவைக் கேட்ட பிறகும் வழக்கம் போல வந்தவர்களை நான் மறக்க மாட்டேன். நாங்கள் அடித்த மாடி நன்றாக இருக்கிறது என்று அதே குழுவில் பதில் போட்ட மடத்துத் தெரு அக்காவுக்கும், ஒன்றும் பேசாமல் இரண்டு வாளி கூடுதலாக வாங்கிக்கொண்டு போன மேஸ்திரிகளுக்கும், கடைக்கு வந்து பையன்களுக்குத் துணி கொடுத்த ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற உறவாகத்தான் நீங்கள் எனக்கு இருந்திருக்கிறீர்கள்.

மாசி முதல் தேதியிலிருந்து நோட்டுக் கணக்கு கிடையாது, பழைய பாக்கியைப் பங்குனிக்குள் முடித்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

இனி மாடி வேலைக்கு வாளி வாங்க வருகிறவர்கள் மாடியின் நான்கு மூலையையும், குழாய் வாயையும், உள்ளே ஒழுகுகிற இடத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது, நானே உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். குழாய் வேலை என்றால் பழைய சாமானைக் கழற்றியே கொண்டுவந்துவிடுங்கள், அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று இரண்டு நடை நடக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஹார்டுவேர் கடைக்காரர்,
கும்பகோணம்