கொலுசுக் கடையில் நம் எண்

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமதி,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சொல்ல வந்தது வேறு. உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் புரியாது.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன் அல்லவா? தீபாவளிக்கு வாடிக்கைக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்ப, புது பில் கம்ப்யூட்டரிலிருந்து லிஸ்ட் எடுக்கச் சொன்னார் அண்ணன். எடுத்தால் அத்தனை பேருக்கும் ஒரே போன் நம்பர்! 2147483647. ஆத்தூர்க்காரருக்கும் அதுதான், ஓமலூர் அக்காவுக்கும் அதுதான். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குக் கை நடுங்கியது. அது நம் எண்டி! நம் கணக்கு வாத்தியார் ‘மீதி’ சார் போர்டு நிறைய எழுதிப் போட்டாரே, 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்து.

சாப்ட்வேர் எழுதின பையன் போன் நம்பருக்கு விட்ட இடத்தில் அடங்குகிற மிகப் பெரிய எண் இது. இரும எண்ணாக எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். நம் செல் நம்பரெல்லாம் 6, 7, 8, 9 என்றுதான் தொடங்கும். எதுவுமே அதில் கொள்ளாது. கொள்ளாததற்கெல்லாம் உச்ச எண்ணையே பதிந்து வைத்திருக்கிறது. பழைய பில் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டும். அது கிடக்கட்டும்.

ராத்திரி தூக்கமே இல்லை. அம்மா பச்சைத் துணிக்கட்டோடு பக்கத்தில் படுத்திருந்தாள். கணித மேதை ஆய்லரும் கண் ஏறக்குறைய போன பிறகுதான், 1772-இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் நம் எண் பகா எண் என்று சொன்னார். எப்படி முடிந்தது? எழுந்து நோட்டை எடுத்தேன். இதை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண் 62-ஆல் வகுக்க 1 மீதி தர வேண்டும், 8-ஆல் வகுக்க 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63. வேறு எதையும் தொட வேண்டாம்! வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும், அது 46,340-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. அதற்குள் இப்படிப்பட்ட பகா எண்கள் எண்பத்துச் சொச்சம்தான்.

முதலாவது 311. வகுத்தேன், மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. அப்புறம் 1489, மீதி 199. ஒவ்வொரு முறையும் மீதி விழும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. விடை தெரிந்த கணக்குதான், ஆனாலும்.

2024-இல் கண்டுபிடித்த பகா எண்ணும் இதே குடும்பம், 2-இன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தது. 4,10,24,320 இலக்கமாம். அதை நான் கையால் தொட முடியாது. இதைத் தொட முடிகிறது, கோமதி. கல்யாணத்தோடு கணக்கு போய்விட்டது என்று முப்பது வருஷமாக நினைத்திருந்தேன்.

மீதி 63 வருகிற வரிசையை நான் போடுகிறேன். மீதி 1 வரிசை உனக்கு. 1489 முடிந்தது, அதற்கு மேல் தொடங்கு. கால்குலேட்டர் கூடாது. மூட்டு வலி என்று சாக்கு சொல்லாதே, வகுக்கக் கைதான் வேண்டும்.

உன்
சாந்தா