பழைய பிஸ்டலுக்கு நிக்கல் பூசும் முன்: கிருஷ்ணகிரி, தருமபுரி உரிமதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள துப்பாக்கி உரிமதாரர்களே,

தேர்தல் வந்தால் நாம் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறோம். மற்றவர்களின் கைத்துப்பாக்கிகளை நான் பார்த்ததெல்லாம் அங்கேதான். போன முறை எனக்கு முன்னால் ஒரு தம்பி நின்றார். அப்பாவிடமிருந்து வந்த பழைய பிஸ்டல் அவருடையது. "நிக்கல் போட்டுட்டா வெள்ளி மாதிரி மின்னும் சார், விக்கும்போது நல்ல விலை போகும்" என்றார். அந்தக் கூட்டத்தில் அவரிடம் விளக்கமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நல்ல விலை போகாது, தம்பி. என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

எங்கள் அப்பா வைத்திருந்தது .32 அளவுத் தோட்டா போடும் வெப்ளி ஸ்காட் கம்பெனிப் பிஸ்டல். இங்கிலாந்தில் பர்மிங்காமில் செய்தது. 1963இல் அவர் உரிமம் வாங்கியபோது நாங்கள் சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2 முதல் தருமபுரி. 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி. ராயக்கோட்டைப் பக்கம் அதே வீடு, அதே பிஸ்டல், காகிதத்தில் மட்டும் மூன்று மாவட்டத்து முத்திரை. அந்தக் காகிதங்களை அப்பா பத்திரப் பெட்டியில் நிலப் பட்டாவோடு வைத்திருந்தார். அதற்காக அவரை இன்றும் கும்பிடுகிறேன்.

ஆனால் எண்பதுகளில் ஒரு காரியம் செய்தார். தோல் உறையிலேயே வைத்திருந்ததால் மழைக்காலத்தில் ஸ்லைடின் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) ஓரத்தில் துரு புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. வெளியூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் கொடுத்து நிக்கல் முலாம் பூசி வாங்கினார். கறுப்புக் கைப்பிடித் தகட்டையும் கழற்றிவிட்டு, வெள்ளையாக யானைத் தந்தம் போலத் தெரியும் பிளாஸ்டிக் தகடு போட்டுக்கொண்டார். ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். சின்ன வயதில் எனக்கும் அது அழகாகத்தான் பட்டது.

அப்பாவுக்குப் பிறகு அதை விற்கலாம் என்று முடிவு செய்தோம். போனிலேயே விவரம் கேட்ட கடைக்காரர் ஒரு விலை சொன்னார், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நேரில் கொண்டுபோய் மேசைமேல் வைத்ததும் அவர் முகம் மாறியது. ஒரு சின்ன லென்ஸை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிஸ்டலைச் சாய்த்துப் பிடித்து, வரிசை எண்ணைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். முலாம் பூசும் முன் பழைய பூச்சை எடுத்து, துருவைத் தேய்த்து, பஃபிங் சக்கரத்தில் காட்டியிருக்கிறார்கள். கூராக இருக்க வேண்டிய விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தது. கம்பெனிப் பெயர் பாதி கரைந்திருந்தது. சுட்டுப் பார்த்துத் தேறியது என்று குத்தும் பர்மிங்காம் சோதனை முத்திரை இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் மிச்சம். எண்ணின் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை. உரிமத்தில் மூன்று என்று இருக்கிறது.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் இருக்கும் பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்கவும் கூடாது. எண் படிக்க முடியாத பிஸ்டலை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? அதன்பிறகு மனு, சரிபார்ப்பு, மறுபடி மனு என்று பல மாதம் அலைந்தோம். சேலம் காலத்துப் பழைய காகிதங்கள் இருந்ததால்தான் அது எங்கள் பிஸ்டல் என்றே நிரூபிக்க முடிந்தது. கடைசியில் கிடைத்தது போனில் சொன்ன விலையில் பாதிகூட இல்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளுங்கள். 1980களின் நடுவிலிருந்து தனி ஆட்கள் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியை வரவழைக்க முடியாமல் போனது. அதற்கு முன் வந்த வெப்ளி, வால்தர் எல்லாம் கைமாறிக் கைமாறித்தான் நம்மிடம் சுற்றுகின்றன. புதிதாக வாங்க வேண்டுமென்றால் இஷாப்பூர் தொழிற்சாலையின் அஷானி பிஸ்டல், கான்பூரின் .32 ரிவால்வர் என்று நம் நாட்டுத் தயாரிப்புகள் இருக்கின்றன. அப்படியிருக்க ஒருவர் பழைய வெளிநாட்டுப் பிஸ்டலைத் தேடி வந்து அதிகப் பணம் கொடுக்கிறார் என்றால், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே அது இருக்கிறதே, அதற்காகத்தான் கொடுக்கிறார். தொழிற்சாலையில் போட்ட கருநீலப் பூச்சு கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. தேய்மானத்தைப் பார்த்து எவ்வளவு பயன்பட்டது என்று கணிக்க முடியும். புதுப் பூச்சுக்கு அடியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். சைலன்சரையும் ஹேண்டில்பாரையும் மாற்றிய பைக்கை ஓசூரில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். போட்ட காசும் வராது, வண்டியின் விலையும் இறங்கும்.

டிரிக்கரை லேசாக்குவது இன்னும் மோசம். ஸ்பிரிங்கை வெட்டுவதும் உள்ளே உராயும் பாகங்களைத் தேய்ப்பதும் கண்ணுக்குத் தெரியாத வேலைகள். விவரம் தெரிந்தவர் சுடாமலே, காலி பிஸ்டலின் டிரிக்கரை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். கீழே விழுந்தால் வெடிக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் விலைப் பேச்சுக்கே இடமில்லை. உரிமம் உள்ள கடையில் தவிர வேறு எங்கேயும் இந்த வேலைகளுக்குக் கொடுக்கவும் கூடாது. பட்டறையில் தெரிந்த பையன் இருக்கிறான் என்று கொடுக்காதீர்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் குழலைக் குட்டையாக்குவதும் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் வரை தண்டனை உள்ள குற்றங்கள்.

பெயர் பொறிப்பதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உங்கள் பெயரோடு பிஸ்டலை வாங்க இன்னொருவருக்கு ஆசை இருக்காது.

கழற்றி மாட்டக்கூடியவற்றில் மட்டும் எனக்குப் பயமில்லை. கைப்பிடித் தகட்டை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பழையதை எறியாதீர்கள். கடைக்காரர் என்னிடம் கேட்ட ஒரே நல்ல கேள்வி, "ஒரிஜினல் கிரிப் இருக்கா?" என்பதுதான். வீட்டுக்கு வந்து தேடினோம். அம்மாதான் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். தையல் நூல், பழைய சாவி, அதற்குள் ஒரு துணி முடிச்சு. முடிச்சில் இரண்டு கறுப்புத் தகடுகள், திருகாணியோடு. வெப்ளி ஸ்காட்டின் எழுத்துகள் அதில் அப்படியே இருந்தன. இறங்கிய விலை அதனால்தான் கொஞ்சமாவது ஏறியது. பழைய மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு), பெட்டி, வாங்கிய ரசீது எல்லாமே இப்படித்தான், எறியாமல் வையுங்கள்.

துருவுக்கு முலாம் மருந்தில்லை. தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதிலிருந்து வெளியே எடுத்து, மெல்லிய எண்ணெய் தடவி, உலர்ந்த துணியில் வையுங்கள். நிலையத்தில் ஒப்படைக்கும் முன்பும் திரும்ப வாங்கிய அன்றும் இதைச் செய்யுங்கள். அங்கே மாதக்கணக்கில் கிடக்கிறது.

ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்ற வரம்பு 2019 திருத்தத்தில் இரண்டானபோது, கூடுதலாக இருந்ததை 2020 டிசம்பருக்குள் கைவிட வேண்டி வந்தது. முன்யோசனை இல்லாமல் விற்க வேண்டிய நாள் யாருக்கும் வரலாம். இன்னொரு உரிமதாரருக்கு விற்பதென்றால் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கே மாற்றிக் கொடுப்பதென்றால், உங்களுக்கு 70 வயது ஆனாலோ அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ விண்ணப்பிக்கலாம். எப்படியானாலும் முதலில் பார்ப்பது எண்ணைத்தான்.

எனவே இன்று ராத்திரி உங்கள் பிஸ்டலைக் காலியாக்கி, இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, விளக்கடியில் வைத்து எண்ணைப் படித்து உரிமப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். முதல் முறை படிக்கவே லென்ஸ் தேவைப்பட்டால், காலையில் உரிமப் பிரிவுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வரிசையில் பேசிய தம்பி இதைப் படித்தால், அப்பாவின் பிஸ்டலில் எண் இன்னும் நன்றாகவே தெரிகிறது, நான் பார்த்தேன். அதை அப்படியே விடுங்கள்.

இப்படிக்கு,
ராயக்கோட்டைப் பக்கத்து உரிமதாரர் ஒருவர்