பூனையைத் துரத்தாதீர்கள், பூச்சி மருந்து கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு தாயார் எழுதியிருந்தார். மகனுக்கு ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பாம். பூனையிடமிருந்துதான் பூச்சி தொற்றியது என்று யாரோ சொல்ல, வளர்த்த பூனையைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் மார்க்கெட்டில் விட்டுவிட்டார்களாம். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பிள்ளையைத் தூங்கவிடாமல் அரிப்பது பெரும்பாலும் கீரிப்பூச்சி. அது மனிதக் குடலில் வாழ்வது. பூனைக்கு வருவதே இல்லை. ஒரு பிள்ளைக்கு இருந்தால் நகக்கண், பாய், தலையணை உறை வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். டாக்டரைக் கேட்டு வீட்டார் எல்லோரும் ஒரே சமயத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவையும் போட்டு, பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாலே போதும். பூனை பாவம், இந்த வழக்கில் நிரபராதி.

அதற்காகப் பூனைக்குப் பூச்சியே கிடையாது என்று வாதாட வரவில்லை. உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு என்று தாராளமாகவே உண்டு. உருண்டைப்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். குட்டிக்கு வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா? அது பூச்சியின் அடையாளம். "நல்லா சாப்பிடுது சார், தொப்பையைப் பாருங்க" என்று பெருமையாகத் தூக்கிக் காட்டுவார்கள். ஈறு வெளுத்து, மலம் கறுத்துப் போனால் கொக்கிப்புழு ரத்தம் குடிக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். சின்னக் குட்டி அதிலேயே செத்துப்போகும். நாடாப்புழு பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியால் வருவது. உடம்பை நக்கும்போது பூனை தெள்ளுப்பூச்சியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. வாலடி மயிரில் வெள்ளரி விதை மாதிரி ஒட்டியிருப்பது அந்தப் புழுவின் துண்டுகள்தான். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமே மறுபடி வந்து நிற்கும்.

வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு எதற்கு மருந்து என்று கேட்பவர்கள் உண்டு. கரப்பானும் எலியும் வீட்டுக்குள் வராமலா இருக்கின்றன? அவற்றைப் பிடித்துத் தின்றாலும் பூச்சி வரும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மருந்தைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையில் கால்வாசி உடைத்துப் பூனைக்குக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது 400 மில்லிகிராம் மாத்திரை. கால்வாசி என்றாலே 100. ஒரு கிலோகூட இல்லாத குட்டிக்கு அது எவ்வளவு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். பூனைக்கு அந்த மருந்து எலும்பு மஜ்ஜையையே பாதிக்கக்கூடியது. சினைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. பாலில் பூண்டு நசுக்கிப் போடும் கைவைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். பூண்டு பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தும் வேண்டாம். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம்.

பூனைக்கென்றே மருந்து இருக்கிறது. உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் பைரான்டெல், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல். இரண்டும் சேர்ந்த மாத்திரையும் கிடைக்கிறது. எடைக்குத் தக்க அளவைக் கால்நடை மருத்துவர் சொல்வார். எடை பார்க்க, குட்டியைத் துணிப்பையில் போட்டு மளிகைக் கடைத் தராசில் வைக்கலாம், கடைக்காரர் முகம் சுளிக்காவிட்டால். குட்டிக்கு மூன்று வாரம் ஆனதும் தொடங்கி, இரண்டு மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. வளர்ந்த பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். குட்டிக்குக் கொடுக்கும்போதே தாய்க்கும் கொடுக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மாத்திரை கொடுக்கப்போய்ப் பிறாண்டல் வாங்காதவர் இல்லை. பழைய துண்டால் தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றுங்கள். வாயைத் திறந்து அடிநாக்கில் மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவினால் விழுங்கிவிடும். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். இல்லாவிட்டால் மாத்திரை தொண்டையிலேயே நின்று புண்ணாக்கும்.

பிள்ளைகளைப் பற்றிய பயம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். பூனையின் உருண்டைப்புழு முட்டை மண்ணோடு வாயில் போனால், குஞ்சுப்புழு ஈரலுக்கும் அபூர்வமாகக் கண்ணுக்கும் போகும். ஆனால் பூனையின் மலத்தோடு வெளிவந்த உடனே அந்த முட்டை தொற்றாது; மண்ணில் கிடந்து பக்குவமாக இரண்டு மூன்று வாரமாவது ஆகும். எனவே வீட்டில் பூனை மலம் கழிக்க வைத்திருக்கும் மணல் தட்டை அன்றன்றே சுத்தம் செய்தால் பெரும்பகுதி ஆபத்து தீர்ந்தது. தெருவில் வீடு கட்டக் கொட்டி மாதக்கணக்கில் மூடாமல் கிடக்கும் மணல்தான் எனக்குக் கவலை. ஊர்ப் பூனை எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். பிள்ளைகளும் அங்கேதான் வீடு கட்டி விளையாடும். கட்டுபவர்கள் ஒரு தார்ப்பாய் போட்டு மூடினால் என்ன குறைந்துவிடும்?

கால்நடைத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். நான் வேலை பார்த்த காலத்தில் மருந்தக அலமாரி நிறைய ஆடு மாடுகளுக்கான பாட்டில் மருந்துதான் இருக்கும். பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவரும் அன்று அபூர்வம். இன்று கூடையிலும் கட்டைப்பையிலும் கொண்டுவருகிறார்கள். அவர்களை வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பாமல், பூனைக்கான மாத்திரையையும் அரசு மருந்தகங்களில் இருப்பு வைக்க வேண்டும். பள்ளியில் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கும் பிப்ரவரி 10-ஆம் தேதியை ஒட்டியே இதையும் கொடுத்தால் ஜனங்களுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
மன்னார்குடி.