அந்தப் பிரிவு வலிந்து புகுத்தியதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு சினிமாப் பக்கத்தில் 'ஃப்ளர்ட்டிங்' என்ற அவுஸ்திரேலியப் படத்தைப் பற்றி எழுதியவர், அதில் வரும் பிரிவு கதையை முடிக்கத் தெரியாமல் வலிந்து புகுத்தியது என்கிறார். அதைப் படித்த பிறகுதான் மகளின் மடிக்கணினியில் படத்தைப் பார்த்தேன். அவர் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜோன் டியூகன் 1987இல் எடுத்த படத்தின் தொடர்ச்சி இது. முதற்படத்தில் டேனி என்ற ஊர்ப்புறத்துப் பையன், கூடவே வளர்ந்த ஃப்ரேயாவை நேசிக்கிறான். அவள் மனம் வேறொருவனிடம் போகிறது. கடைசியில் ஊரைவிட்டே போய்விடுகிறாள். 1991இல் வந்த இரண்டாவது படம் 1965இல் நடக்கிறது. விடுதிப் பாடசாலையில் எல்லோரும் கேலி செய்யும் டேனிக்கு, ஏரிக்கு அப்பால் பெண்கள் பாடசாலையில் படிக்கும் தாண்டிவேயின் அன்பு கிடைக்கிறது. அவள் தந்தை உகண்டாக்காரர். அந்நாட்டு அரசியல் கொந்தளிப்பு அவளைப் படிப்பிலிருந்தும் அவனிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டு போகிறது.

இதிலே எது செயற்கை? அதற்கு முந்தைய வருடம், 1964 ஒக்டோபரில், இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, இந்திய வம்சாவளி மலையகத் தமிழரான எங்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அண்ணன் குடும்பம் இந்தியா, தம்பி குடும்பம் இலங்கை. பதினாறு வயதுப் பையன் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எந்த விண்ணப்பமும் கேட்கவில்லை.

எழுபதுகளில் என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் பாஸ்போர்ட் வந்தது. கோழிகளை விற்றார்கள், தகரப்பெட்டி வாங்கினார்கள், ஹட்டனில் கோச்சி ஏறினார்கள். தலைமன்னார் போய்க் கப்பல். ஸ்டேஷனில் பெரியவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறினார்கள். நான் அழ முடியவில்லை; அவளுக்கு நான் என்ன உறவு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? இந்தியக் கரையில் இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது, கோத்தகிரியிலிருந்து இன்னொன்று. தோட்டத்துத் தபால்காரர் இரண்டையும் அப்பாவிடம் கொடுக்காமல் என் கையிலேயே கொடுத்தார். புண்ணியவான். பிறகு எதுவும் வரவில்லை.

தாண்டிவேயின் கடிதங்கள் நின்றுபோகும் பகுதியைத்தான் விமர்சகர் தொய்வு என்கிறார். கடிதம் வராத நாட்கள் அப்படித்தான் நகரும் ஐயா.

ஒப்பந்தம் பிரித்த எங்கள் விடலைப் பருவத்துக் காதலைச் சொல்லும் படம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கோச்சியை வழியனுப்பியவர்கள் எழுபதை நெருங்கிவிட்டோம். குறும்படம் எடுக்கும் மலையகப் பிள்ளைகள் இப்போதே எங்களிடம் வந்து கேட்க வேண்டும். தாங்களும் ஞாயிறு இதழில் அரைப் பக்கம் ஒதுக்கினால், மண்டபத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்புவார்கள். என்னிடமுள்ள இரண்டையும் பெயர்களை மறைத்துத் தரச் சம்மதம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஸ்கெலியா.