ஆண் பப்பாளியை அவசரப்பட்டு வெட்டாதே

நடுவீரப்பட்டு,
ஆவணி மாதம்.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நட்ட முப்பது பப்பாளியில் பாதி மரங்கள் கொத்துக் கொத்தாகப் பூத்தும் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை என்றும், வேலைக்கு வருபவர் அவற்றை மலட்டு மரம் என்று வெட்டிவிடச் சொல்கிறார் என்றும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். பேச்சில் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை அரிவாளை எடுக்க வேண்டாம்.

அவை மலடல்ல, ஆண் மரங்கள். உனக்குக் கொடுத்த விதை கோ 2 என்ற பப்பாளி ரகத்தின் வழியில் வந்தது. அதில் ஆண் தனி, பெண் தனி, ஏறக்குறைய சரிபாதியாக முளைக்கும். கோ 3, கோ 7 போன்ற ரகங்களில் ஆணும் பெண்ணும் ஒன்றாய் அமைந்த இருபால் பூ உண்டு. அந்தக் கணக்கு வேறு. பூ வருவதற்கு முன்பே இலையையும் தண்டின் நிறத்தையும் பார்த்து ஆண், பெண் சொல்பவர்களை நம்பி நான் நல்ல கன்றுகளைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். பூவைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆண் பூ நீண்ட காம்பில் கிளைவிட்டுத் தொங்கும். ஒவ்வொன்றும் சிறிய நாகசுரம்போல மெல்லிய குழலாகி நுனியில் விரியும். பெண் பூ தண்டை ஒட்டியே, இலைக்காம்பின் இடுக்கில் ஒன்றிரண்டாக உட்கார்ந்திருக்கும். மொட்டின் அடி குண்டாகவும் நுனி கூராகவும் இருக்கும். ஐயம் இருந்தால் ஒரு மொட்டைக் கிள்ளி இதழ்களை உரித்துப் பார். உள்ளே கடலை அளவில் ஒரு குட்டிப் பப்பாளியும், அதன் தலையில் கோழிக்கொண்டைபோல ஐந்து மடிப்பும் இருந்தால் அது பெண். குழலுக்குள் மஞ்சள் பொடி பூசிய பத்து மகரந்தப் பைகள் மட்டும் இருந்தால் அது ஆண்.

இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. உன் தோட்டத்துக்கு ஒன்று போதும். ஒன்று சாய்ந்தாலும் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டை வை. எந்த இரண்டு என்பதில்தான் நான் வருடக்கணக்கில் தவறு செய்தேன்.

2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது நம் பப்பாளிகளில் கிணற்றுச் சுவரின் மறைவில் நின்ற ஒரே ஒரு பெண் மரம் தப்பியது உனக்கு நினைவிருக்கும். அது மறுபடி தழைத்துப் பூத்தபோது ஊரில் ஆண் மரம் கிடைக்காமல், எங்கோ வேலியோரம் நின்ற ஒன்றிலிருந்து பூவை வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்து தடவினேன். காய் நிறைய வந்தது. ஆனால் அந்த விதையில் வந்த மரங்களில் சிலவற்றின் பழம் வெளிறி, தண்ணீர்ச் சுவையாக இருந்தது. தாயை மட்டும் பார்த்தேன். தகப்பன் யார் என்று பார்க்கவில்லை. அதைச் சரிசெய்யப் பல தலைமுறை மரங்கள் ஆயின.

ஆண் மரத்தில் சுவைத்துப் பார்க்கப் பழம் இல்லை. ஆகவே அதன் தாயையும் உடன்பிறந்த பெண் மரங்களையும் வைத்தே அதை மதிப்பிட வேண்டும். நான் விதையை மூன்று பொட்டலமாகக் கொடுத்தது அதற்காகத்தான். ஒவ்வொன்றும் ஒரே பழத்து விதை. சிவப்பு நூல் கட்டிய பொட்டலத்தின் தாய்தான் மூன்றிலும் சிறந்தது. அந்த வரிசையில் தண்டு தடித்து, இலையில் தேமலோ சுருக்கமோ இல்லாத இரண்டு ஆண் மரங்களை நிறுத்திவிட்டு மற்றவற்றை வெட்டு. தேமல் விழுந்த மரம் எதுவானாலும் வைக்காதே. அசுவினிப் பூச்சி அந்தத் தேமல் நோயைத் தோட்டம் முழுவதும் பரப்பிவிடும்.

விதைக்கென்று நல்ல பெண் மரம் ஒன்றில் நான்கைந்து பூ போதும். மறுநாள் மலரப்போகும் மொட்டு பச்சை மங்கி வெளிறிப் பருத்திருக்கும். முந்தின நாள் மாலை வெயில் தாழ்வதற்குள் அதை மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டு, ஏனென்றால் அந்தியில் வரும் விட்டில்கள் எந்த மரத்து மகரந்தத் தூளையும் கொண்டுவந்து வைத்துவிடும். ஆண் கொத்தையும் அவ்வாறே மூடு. காலையில் மலர்ந்த ஆண் பூவைப் பறித்துக் குழலைக் கிழித்து, மஞ்சள் தூள் கொண்டையின் ஐந்து மடிப்பிலும் படியுமாறு மெல்லத் தடவி, பையைத் திரும்பக் கட்டி, காம்பில் நூல் சுற்றி, எந்த ஆண், எந்த நாள் என்று எழுதித் தொங்கவிடு. ஒரு வாரம் கழித்துப் பையை எடுக்கலாம். ஒரு பூவை மட்டும் தூள் தடவாமல் மூடி வை. அது உதிர்ந்து மற்றவை நின்றால் உன் கட்டு சரியாக இருந்தது என்று தெரிந்துகொள்வாய்.

பழுக்க ஐந்து மாதம் அளவில் ஆகும். மரத்திலேயே நன்றாக மஞ்சள் ஏறவிட்டுப் பறி. விதையைச் சுற்றியுள்ள வழவழப்புத் தோல் முளைப்பைத் தடுக்கும். சாம்பலில் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்து. முதலில் பழத்தைத் தின்று பார். சுவை பிடிக்காவிட்டால் அந்த விதையை வைக்காதே. பிடித்திருந்தால் ஒரு பொட்டலம் எனக்கும் அனுப்பு. கிணற்றடியில் மூன்று குழி எடுத்து, எருப்போட்டு ஆறவிடப்போகிறேன்.

அன்புடன்,
அப்பா